சித்திர மாஸ்ரரும் டாவோஸ் மலையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் மதிய இடைவேளைக்குப் பிறகுதான் வரும். பாதி வகுப்பு தூங்கும், மீதி வகுப்பு கதைக்கும். மாஸ்ரர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எல்லாரையும் மைதானத்துக்குப் பின்னால் இருந்த பனங்கூடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அடிமட்டத்தையும் அழிறப்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, "பத்து நிமிசம், கீறுங்கோ" என்பார்.

முதலில் பஸ்ரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம் தண்ணீர் கலந்த பேனை மையைத் தூரிகையால் அதன் மேல் இழுக்க வேண்டும். மெழுகு படிந்த இடத்தில் மை ஒட்டாது, மணிமணியாக உருண்டு விலகிவிடும். வெறும் தாள் பட்டால் குபுக்கென்று ஊறும். வேலியோரம் நின்ற ஆடு, வேலி, பனை எல்லாம் ஒரே கறுப்பாகி நிற்கும்போது மாஸ்ரர் எட்டிப் பார்ப்பார். "ஆட்டைத் தேடாதை. காத்து அடிக்குதா எண்டு பார்." சோதனைக்கு வருவதோ பூச்சாடி. வீட்டில் இந்தத் தாள்களைக் காட்டி யாரும் பாராட்டு வாங்கியதாக ஞாபகம் இல்லை.

சுவிஸுக்கு வந்து டாவோஸ் என்ற மலை ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்த காலத்தில்தான் ஓவியர் கிர்ஷ்னரின் மியூசியத்துக்குள் போனேன். 1992இல் திறந்த கொங்கிரீட்டும் கண்ணாடியுமான கட்டடம். அங்கே மாட்டியிருந்த சிறிய தாள் ஒன்று கிறேயோனாலும் மையாலும் கீறியது. அடியில் ஒரு குடிசைக் கூரை, இரண்டு மூன்று கோட்டில் முடிந்துவிட்டது. அதற்கு மேலே ஊசியிலை மரங்கள். மேலிருந்து கீழே கொத்திய கறுப்புக் கீறல்கள்தான் அவை. மலைச்சரிவு முழுக்க நீலமும் ஊதாவும் ஒரே சாய்வில் ஓடுகின்றன. மை வற்றிய இடங்களில் தாளின் சொரசொரப்பு அப்படியே தெரிகிறது. காற்று அடித்தது, மாஸ்ரர்!

எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் ஜெர்மன்காரர், கட்டடக்கலை படித்தவர். 1905இல் டிரெஸ்டனில் கூட்டாளிகளோடு 'டி ப்ரூக்க' (பாலம்) என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார். கீறுவதற்காக முன்னால் நிற்கிற மாதிரி ஆட்கள் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நிலை மாற, அதற்குள் கீறி முடிப்பதுதான் அவர்களுடைய பயிற்சி. எங்கள் பத்து நிமிடத்துக்கு அது பெரியண்ணன். (அந்த ஆட்கள் என்ன கோலத்தில் நின்றார்கள் என்று எழுதினால், இந்தப் பழைய மாணவர் மலரைத் தொகுக்கிற குழு வெட்டிவிடும்.)

முதல் உலகப் போரில் படைக்குப் போய் மனம் உடைந்து, 1917இல் டாவோஸுக்கு வந்தார். அந்தக் கோடையை ஸ்டாஃபெல்ஆல்ப் என்ற மேய்ச்சல் மேட்டுக் குடிசையில் கழித்தார். உடம்பும் மனமும் தளர்ந்திருந்த மனிதரின் கோடு ஏன் இவ்வளவு பலமாக விழுந்தது என்று நான் யோசிப்பதுண்டு. அவருடைய எண்ணெய் ஓவியங்களில் ரோசா நிற மலைகள் பெரிதாக நிற்கின்றன, பார்க்கிறவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். எனக்குத் தாள் வேலைதான். ஓவியத்தில் யோசிக்க நேரம் இருந்திருக்கிறது. தாளில் கண்ணும் கையும் மட்டும்.

ஆளுக்குக் குறும்பும் உண்டு. தன்னைப் பற்றி எழுதுகிறவர்களின் எழுத்து பிடிக்காமல், லூயி டி மார்சால் என்ற ஒரு பிரெஞ்சுக்காரரைக் கற்பனையில் உண்டாக்கி, அவர் பெயரில் தன் படங்களைத் தானே புகழ்ந்து எழுதினார். 1920இல் வந்த முதல் கட்டுரையே கிர்ஷ்னருடைய கோட்டுச் சித்திரங்களைப் பற்றியதுதான். பிறகு மார்சால் இறந்துவிட்டார் என்று அறிவித்ததும் கிர்ஷ்னரேதான்.

1937இல் நாஜிகள் ஜெர்மன் மியூசியங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். அடுத்த வருடம் ஜூன் 15ஆம் திகதி, டாவோஸ் வீட்டருகே தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு சுவிஸ் பக்கம் வருகிறவர்கள் ஒரு நாளை டாவோஸுக்கு ஒதுக்கலாம். ஆனால் தாள் சித்திரங்கள் வெளிச்சத்தில் கெடும் என்பதால் அவற்றை எப்போதும் மாட்டி வைப்பதில்லை, மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். முதலே கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள், அழிறப்பர் வேண்டாம்.