சரக்கு வாங்கினாயா இல்லையா என்று கேட்க இவ்வளவு காகிதமா? ஒரு வணிக வழக்கு அனுபவம்

அட்டைப்பெட்டி சப்ளை செய்த பாக்கிக்காக ஒரு கம்பெனி மீது வணிக நீதிமன்றத்தில் தாவா போட்டிருக்கிறேன். தீர்ப்பு வரவில்லை, சாட்சி விசாரணையே இனிமேல்தான். ஆனாலும் இப்போதே எழுதுகிறேன். விசாரணைக்கு முந்தைய கட்டம் எப்படிப்பட்டது என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. வழக்கில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

வியாபாரத் தகராறாக இருந்து, மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 2015-ம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்துக்குள் வந்துவிடும். 2018 திருத்தத்துக்கு முன்பு இந்த வரம்பு 1 கோடியாக இருந்தது. சாதாரண சிவில் வழக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், இங்கே ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கெடு உண்டு. வக்கீல் ஆபீஸ் டைரியில் அந்தக் கெடு இருக்காது, அடுத்த வாய்தா தேதிதான் இருக்கும். கோர்ட் ஒன்றரை மாதம் தள்ளி வாய்தா போட்டிருக்கும், அதற்குள் 30 நாள் கெடு ஒன்று சத்தமில்லாமல் ஓடிப்போயிருக்கும். அதனால் கெடு தேதிகளுக்கென்று தனியாக ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இந்த யோசனையைக் கொடுத்தது வக்கீலின் குமாஸ்தா. "அண்ணாச்சி, எங்ககிட்ட நூத்துக்கணக்கில கட்டு கிடக்கு. உங்களுக்கு ஒரே கட்டுதான். நீங்கதான் தேதியைப் பாத்துக்கணும்" என்றார். கேட்கக் கடுப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

தாவா போடுவதற்கு முன் கட்டாய சமரசம். எதிர்த் தரப்பு வரவே இல்லை, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து சமரசம் தொடங்கவே இல்லை என்று சொல்லும் 'நான்-ஸ்டார்ட்டர்' அறிக்கை வாங்கிக்கொண்டு வந்தோம், அவ்வளவுதான். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கில் இதைத் தாண்டிப் போக முடியாது. 2022 ஆகஸ்ட் 20 முதல், சமரசத்துக்குப் போகாமல் தாக்கல் செய்தால் பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை) நிராகரிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமரசத்தில் கழிந்த நாட்கள், தாவா போடுவதற்கான மூன்று வருடக் காலவரையறையில் சேராது. மூன்று வருடம் முடியப்போகிறதே என்று பதறுகிறவர்களுக்கு இது ஒரு ஆறுதல்.

முதல் எரிச்சல் தாக்கல் கவுன்டரில். பிராதோடு சத்திய உறுதி என்று ஒரு பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். மொத்தம் இத்தனை பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அதிலேயே ஒரு வரி உண்டு. அது சரியாகத்தான் இருந்தது. இருந்தும் கட்டு ரிட்டர்ன் ஆனது. காரணம்: ஆவணப் பட்டியலில் எது அசல், எது நகல் என்று குறிக்கவில்லையாம். குறித்துக் கொடுத்தோம். மறுபடி ரிட்டர்ன். இந்த முறை வட்டிக் கணக்கு எந்தத் தேதியிலிருந்து என்று தெளிவாக இல்லையாம். "இதையும் அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?" என்றேன். "அப்போ அந்தப் பக்கத்தைப் பாக்கலை" என்று பதில் வந்தது. குறை எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தருவார்களா என்பது வேறு விஷயம். ஒருமுறை வாய்விட்டுக் கேட்டால் அடுத்த தடவை கொஞ்சம் கவனமாகப் பார்க்கிறார்கள்.

அடுத்தது சம்மன். பிரதிவாதி 30 நாளில் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் காரணத்தைப் பதிவு செய்து, செலவுத்தொகை விதித்து 120 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது, அந்த உரிமையே போய்விடும். அப்படியானால் சம்மன் எந்தத் தேதியில் சார்வு ஆனது, அதாவது பிரதிவாதியிடம் சேர்ந்தது, என்பதுதான் மொத்த விஷயமும். எங்கள் வழக்கில் சம்மன் கொண்டுபோன கோர்ட் ஊழியரான அமீனா 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதித் திருப்பிவிட்டார். தபாலில் போனது சேர்ந்துவிட்டது, ஆனால் ஒப்புகை அட்டை கட்டில் இல்லை. எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, வக்காலத்து போட்ட நாளிலிருந்துதான் கணக்கு என்றார். அப்படி வைத்தால் அவர்களுக்குப் பல வாரம் கூடுதலாகக் கிடைக்கும். நல்லவேளையாக, தபால் துறை இணையதளத்தில் 'டெலிவரி ஆனது' என்று காட்டிய பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டிய பிறகு செக்‌ஷனில் தேடினார்கள். ஒப்புகை அட்டை பக்கத்து நம்பர் வழக்கின் கட்டுக்குள் செருகிக் கிடந்தது. கம்பெனி சீல், கையெழுத்து, தேதி எல்லாம் பளிச்சென்று அதில் இருந்தன. அதன் பிறகு 120-வது நாள் நெருங்கும்போது எதிர்வழக்குரை வந்தது, செலவுத்தொகையோடு ஏற்கப்பட்டது. சார்வு ஆன அன்றே ஆதாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கோர்ட் கட்டில் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் அலைச்சல்தான்.

இனி ஆவணம். வணிக வழக்கில் நமக்குச் சாதகமானதை மட்டும் வைத்தால் போதாது. வழக்கு சம்பந்தமாக நம் வசம் இருக்கிற எல்லாவற்றையும், பாதகமானது உட்பட, பிராதோடே தாக்கல் செய்ய வேண்டும். அவசரத் தாக்கல் என்று அனுமதி வாங்கினால் மேற்கொண்டு 30 நாள். அதையும் விட்டுவிட்டால், ஏன் அப்போது வைக்கவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டி மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டும். ஒரு லோடு பெட்டியில் அச்சு மாறிப்போய், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு லோடு அனுப்பியிருந்தோம். அந்தக் கடிதத்தை வைக்க வேண்டாம் என்று எங்கள் கணக்கர் ஒற்றைக் காலில் நின்றார். வக்கீலம்மா விடவில்லை. பிறகு எதிர்த் தரப்பு 'சரக்கே தரம் இல்லை' என்று கிளம்பியபோது, குறை வந்த ஒரே லோடையும் மாற்றிக் கொடுத்து அவர்களிடமே கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்று காட்ட அந்தக் கடிதம்தான் உதவியது.

வாட்ஸ்அப் ஆர்டர்கள்தான் என்னைப் படாதபாடு படுத்தின. ஆர்டர்களில் பெரும்பாலானவை எங்கள் பழைய டிஸ்பேட்ச் மேனேஜரின் போனுக்கு வந்தவை. அவர் வேலையை விட்டுப் போய், போனையும் மாற்றிவிட்டார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியம், 63-வது பிரிவில், மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்றைச் சாதனத்தைக் கையாண்டவர் தர வேண்டும், இன்னொன்றை நிபுணர் தர வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பு என்ற நீள எண்ணையும் எழுத வேண்டும். பழைய மேனேஜர் கையெழுத்துக்கு வருவதாகவே இல்லை. கடைசியில், அதே ஆர்டர்களில் முக்கியமானவை ஒரு குரூப்பிலும் போடப்பட்டிருந்ததும், அந்தக் குரூப்பில் என் நம்பர் இருந்ததும் வழி காட்டின. என் போனிலிருந்தே எடுத்தோம், முதல் பகுதியில் நானே கையெழுத்துப் போட்டேன். நிபுணர் யார் என்பதற்கு ஆளுக்கொரு பதில். எங்களுக்கு வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர், "கோர்ட் விவகாரம்னா நம்மள விட்டுருங்க அண்ணாச்சி" என்று ஒதுங்கிவிட்டார். ஒரு கல்லூரியில் கணினித் துறைப் பேராசிரியர் படிவத்தை வரிவரியாகப் படித்து, போனை வாங்கி ஏற்றுமதி செய்து, SHA256 என்ற கட்டத்தில் டிக் போட்டு, அந்த நீள எண்ணை இரண்டு முறை சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். அந்த ஏற்றுமதிக் கோப்பை அதற்குப் பிறகு திறந்து சேமிக்கவே கூடாது. ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். பென்டிரைவில் போட்டு, கவரில் ஒட்டி, பீரோவில் வைத்துவிடுங்கள்.

எதிர்வழக்குரை வந்த 30 நாளுக்குள் இரு தரப்பும் ஒருவர் ஆவணத்தை ஒருவர் பார்வையிட வேண்டும். நீட்டிப்பும் 30 நாளுக்கு மேல் கிடையாது. அசலைப் பார்க்க எதிர்த் தரப்பு வக்கீல் ஆபீசுக்குப் போனால் ஜெராக்ஸைக் காட்டினார்கள். அசல் கம்பெனியில் இருக்கிறதாம். கம்பெனிக்குப் போனால் வக்கீலிடம் இருக்கிறதாம். பந்து இரண்டு பக்கமும் உருண்டுகொண்டே இருந்தது. வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, எந்த ஆவணம், எந்த நாள், எந்த நேரம் என்று எழுதி வக்கீல் மூலம் மின்னஞ்சலும் தபாலும் அனுப்பினோம். அன்றைக்குப் போய் அசல் காட்டப்படவில்லை என்பதையும் எழுதி அனுப்பினோம். அடுத்த வாய்தாவில் நீதிபதி அந்தக் கடிதங்களைப் பார்த்ததும் அவர்கள் வக்கீலின் முகம் மாறியது, அசல்களும் வந்தன.

பார்வை முடிந்த 15 நாளில் ஒப்புகை–மறுப்பு அறிக்கை, பிரமாணப் பத்திரத்தோடு. எங்கள் பில் ஒவ்வொன்றுக்கும் நேராக 'மறுக்கப்படுகிறது' என்று ஒரே சொல்லைக் கீழ்வரை இறக்கியிருந்தார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-வது கட்டளை, வணிக வழக்குகளுக்கென்று மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தில், இதை ஒப்புக்கொள்வதில்லை. உள்ளடக்கத்தை மறுக்கிறாயா, கையெழுத்தை மறுக்கிறாயா, அனுப்பியதையும் பெற்றதையும் மறுக்கிறாயா என்று பிரித்துச் சொல்லி, காரணமும் தர வேண்டும். காரணம் இல்லாத மறுப்பு மறுப்பாகவே கொள்ளப்படாது. இதை வக்கீல்களே சில நேரம் எடுத்துச் சொல்வதில்லை. நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். எங்கள் வக்கீலம்மா படித்துக் காட்டியதும் திருத்திய அறிக்கை கேட்கப்பட்டது. அதில் சரக்கு வந்து சேரவே இல்லை என்று எழுதினார்கள்.

அவர்கள் கேட் வரவுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தோம். 7 முதல் 15 நாளுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஏன் முடியாது என்று சொல்ல வேண்டும். மழையில் நனைந்து அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. வேறு எந்த மாதப் பதிவேடும் நனையவில்லையாம், எங்கள் சரக்கு போன மாதங்கள் மட்டும் நனைந்துவிட்டனவாம்! கொண்டுவராதவருக்கு எதிராகக் கோர்ட் ஊகம் கொள்ளலாம். ஆனால் ஊகத்தை மட்டும் நம்பி உட்கார மனசு வரவில்லை.

சரி, வினாப் பட்டியல் கொடுப்போம் என்று வக்கீலம்மா முடிவு செய்தார். கோர்ட் அனுமதியோடு எதிர்த் தரப்பிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம், அவர்கள் பிரமாணத்தோடு பதில் தர வேண்டும். அனுமதி மனுவை 7 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் மனு அதையெல்லாம் தாண்டிக் கிடந்தது, ஒரு தடவை நீதிபதி விடுப்பு, ஒரு தடவை எதிர்வுரைக்கு அவகாசம். நீளமான பட்டியல் கொடுத்தால் பாதியை வெட்டிவிடுவார்கள் என்பதால் கேள்விகளைச் சுருக்கினோம். முக்கியமான கேள்வி இது: "இந்த எண்ணுள்ள பில்களுக்கு நீங்கள் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு எடுத்திருக்கிறீர்களா, எந்த மாத ரிட்டர்னில்?" வாங்கிய சரக்குக்கான வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் இந்த வரவு. சரக்கைப் பெற்றால்தான் அதை எடுக்க முடியும், மத்திய ஜிஎஸ்டி சட்டம் 16-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 'இல்லை' என்றால் ரிட்டர்ன் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். 'ஆம்' என்றால் சரக்கு வந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். பதிலுக்கு 10 நாள். கடைசி நாள் சாயங்காலம் வந்தது: எடுத்திருக்கிறோம், ஆனால் அது 'கணக்காளரின் கவனக்குறைவு'. அந்த வரியைப் படித்ததும் வக்கீலம்மா அதன் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, டீ சொல்லச் சொன்னார். மாதக்கணக்கில் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு டீ போதும்போல இருந்தது.

இரு தரப்பு ஒப்புகை–மறுப்புப் பத்திரமும் தாக்கலான 4 வாரத்துக்குள் வழக்கு மேலாண்மை விசாரணை நடக்க வேண்டும். எழுவினாக்களை, அதாவது கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை, வனைவதும், சாட்சிகள் யார், பிரமாண சாட்சியம் எப்போது, குறுக்கு விசாரணை எப்போது, எழுத்து வாதம் எப்போது என்று தேதி குறிப்பதும் அன்றைக்குத்தான். முதல் மேலாண்மை விசாரணையிலிருந்து 6 மாதத்துக்குள் வாதம் முடிய வேண்டும் என்பது கணக்கு. வெறும் கையோடு போகாதீர்கள். நாங்கள் ஒரு பக்கத்தில் தேதி அட்டவணை தயாரித்து, எங்கள் லாரி டிரைவர் எந்த மாதம் வெளியூர் ஓட்டத்தில் இருப்பார் என்பது வரை எழுதிக் கொடுத்தோம். சிறு மாற்றங்களோடு அதுவே உத்தரவானது. சரக்கு வந்ததா என்பது பற்றி நீண்ட எழுவினா தேவைப்படவில்லை. தரம் பற்றிய ஒன்றும், வட்டி பற்றிய ஒன்றும்தான் பெரிதாக நிற்கின்றன.

உத்தரவு நகலுக்கு அன்றே மனுப் போட்டுவிடுங்கள். குறித்த தேதியை யாராவது தவறவிட்டால் செலவுத்தொகை, சாட்சியம் தாக்கல் செய்யும் உரிமை பறிபோவது, வாதியாக இருந்தால் பிராதே தள்ளுபடியாவது வரை விளைவு இருக்கிறது. நகல் கையில் இருந்தால்தான் அதைக் காட்டிக் கேட்க முடியும். வக்கீல் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மேலாண்மை விசாரணையைத் தள்ளிவைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. எதிர்த் தரப்பு ஜூனியர், சீனியர் வரவில்லை என்று தள்ளிவைக்கக் கேட்டபோது நீதிபதி விதியைச் சொல்லி, முன்கூட்டியே மனு ஏன் போடவில்லை என்று கேட்டுச் செலவுத்தொகை விதித்தார். அந்தத் தொகை எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாக்கிப் பட்டியலில் அதையும் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.