செவ்வாய்க்கிழமைத் துண்டுச் செய்தி

2010 மே 9, ஞாயிற்றுக்கிழமை. வரவேண்டிய விளம்பரம் வராமல் வெளிநாட்டுப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. செய்தித்தாள் டெஸ்க்கில் நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த நேரம். "ஏதாவது துண்டு போடுப்பா" என்று சீஃப் சப் எடிட்டர் குரல் கொடுத்தார். செய்தி ஏஜென்சி காப்பியில் கைக்குச் சிக்கியது ஈரான் செய்தி. பத்து நிமிடத்தில் தமிழாக்கி, தலைப்பும் வைத்துவிட்டேன்: "ஈரானில் 5 பயங்கரவாதிகளுக்குத் தூக்கு." ஒரே வரியில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதில் எனக்குச் சந்தோஷம் வேறு.

பயங்கரவாதிகள் என்றது ஈரான் அரசு. வந்த காப்பியில் அந்தச் சொல் மேற்கோளுக்குள் இருந்தது. இடம் போதாதென்று மேற்கோள் குறிகளை எடுத்தவன் நான்.

ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ தேடும்போது அந்த ஐவரில் ஒருவரைப் பற்றிப் படித்தேன். பெயர் ஃபர்சாத் கமாங்கர். குர்திஸ்தானில் கம்யாரான் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் பள்ளி ஆசிரியர். 2006இல் கைது, 2008இல் மரண தண்டனை. விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. சித்திரவதையைப் பற்றி அவரே சிறையிலிருந்து எழுதியிருந்தார்; மாணவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் கடிதங்கள் எழுதியிருந்தார். உலகம் முழுக்க ஆசிரியர் சங்கங்கள் அவருக்காகக் குரல் கொடுத்திருந்தன. டெஹ்ரானின் எவின் சிறையில் தூக்கிலிட்ட செய்தி குடும்பத்துக்கு முன்கூட்டித் தெரியாது. உடலைக்கூடக் கொடுக்கவில்லை.

என் அப்பாவும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைத் துண்டை அவர் நிச்சயம் படித்திருப்பார். காலையில் பேப்பரை மடிப்புக் கலையாமல் கடைசி வரிவரை படிக்கும் ஆள். அவரிடம் இதை நான் சொன்னதே இல்லை.

அப்புறம் ஈரான் காப்பி எது வந்தாலும் நான் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். யாருக்கும் அதில் போட்டி இல்லை. கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும்தான் எங்கள் டெஸ்க்கில் அடிதடி.

முதல் தகராறு சொற்களில் வந்தது. அங்கே அரசியல் வழக்குகளில் அடிக்கடி வரும் குற்றச்சாட்டு 'மொஹாரபே'. ஆங்கிலக் காப்பியில் கடவுளுக்கு எதிரான போர் என்கிற மாதிரி வரும். 2022 செப்டம்பரில் மாசா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்து, ஊர் ஊராகப் போராட்டம் வெடித்தது அல்லவா? அந்தப் போராட்ட வழக்குகளில் முதலில் தூக்கிலிடப்பட்டவர் மோசென் ஷெகாரி, டிசம்பர் 8ஆம் தேதி. சாலையை மறித்தார், பஸீஜ் என்ற அரசுத் துணைப்படையைச் சேர்ந்த ஒருவரைக் கத்தியால் காயப்படுத்தினார் என்பது வழக்கு. கைதாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சாலை மறியலுக்கும் கடவுளோடு போர் புரிவதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகருக்கு எட்டு வரியில் எப்படிச் சொல்வது?

எங்கள் புரூஃப் ரீடர் பாயிடம் போனேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காப்பியைப் பார்த்தார்.

"தம்பி, இது மாயிதா சூராவில 33ஆவது வசனம். 'பூமியில் குழப்பம் செய்தல்'னு நம்ம தமிழ் மொழிபெயர்ப்புல போட்டிருப்பாங்க. அதையும் இதையும் சேர்த்துத்தான் அங்க சட்டமா வெச்சிருக்காங்க."

"அப்ப இப்படியே எழுதலாமா பாய்?"

"எழுது. ஆனா அதுக்கு முந்தின வசனத்தையும் அந்த ஜட்ஜைப் படிக்கச் சொல்லு. ஒரு உயிரை அநியாயமாக் கொன்னவன் மனுச குலத்தையே கொன்னவன் மாதிரின்னு இருக்கு."

முந்தின வசனத்துக்கு அன்றைக்குப் பக்கத்தில் இடம் இல்லை. "இறைவனுக்கு எதிராகப் போர் தொடுத்ததாக அரசு சாட்டிய குற்றம்" என்று எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. 'உளவாளிக்குத் தூக்கு' என்று போடுவதில்லை. 'உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு' என்று போடுவோம். தலைப்பு நீளும், பக்கம் அமைக்கும் பேஜ் மேக்கர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

2024 ஜனவரிக் கடைசியில் வேறொரு செய்தி வந்தது. டெஹ்ரானுக்கு மேற்கே கரஜ் நகரில் இருக்கும் கெஸல் ஹெசார் சிறையின் அரசியல் கைதிகள் சிலர் செவ்வாய்க்கிழமைதோறும் உண்ணாவிரதம் இருக்கப்போகிறார்கள் என்று. மரண தண்டனை வேண்டாம் என்பது கோரிக்கை. ஏன் செவ்வாய்? அந்தச் சிறையில் தூக்கிலிடுவது பெரும்பாலும் புதன் விடியற்காலையில். அதற்குள் ஆட்களைத் தனிக்கொட்டடிக்கு மாற்றிவிடுவார்கள். செவ்வாய்தான் அவர்களுக்குக் கடைசிப் பகல்.

தேதி குறித்த தூக்கு என்பது எங்கள் டெஸ்க்குக்கு அறிமுகமானதுதான். 2011இல் வேலூர்ச் சிறையில் மூவருக்கு செப்டம்பர் 9 என்று நாள் குறித்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் நிறுத்திவைக்கும்வரை தமிழ்நாட்டில் யாரும் அந்தத் தேதியை மறக்கவில்லை. கெஸல் ஹெசாரில் அப்படித் தேதி அறிவிப்பது கிடையாது. காவலர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அறிவிப்பு.

அந்த உண்ணாவிரதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஈரானில் தூக்கிலிடப்படுபவர்களில் பெரும்பாலானவர்கள் அரசியல் கைதிகள் அல்ல. போதைப்பொருள் வழக்கிலும் கொலை வழக்கிலும் சிக்கியவர்கள். ஏழைகள், பலூச், குர்து போன்ற சிறுபான்மை இனத்தவர்கள். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி கணக்குப்படி 2023இல் குறைந்தது 853 பேர், 2024இல் குறைந்தது 972 பேர். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் தெரிந்த கைதிகள் பெயர் தெரியாதவர்களுக்காகப் பட்டினி கிடந்தார்கள். வழக்கைக் கேட்டு ஆள் பிரிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அது பரவி 40 சிறைகளைத் தாண்டிவிட்டது.

நானும் செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்தில் ஒரு சிங்கிள் காலம் ஒதுக்கிவைக்கப் பார்ப்பேன். பத்து வாரத்தில் மூன்று வாரம் கிடைத்தால் பெரிது. தேர்தல் வந்தால் போச்சு. தங்க விலை ஏறினாலும் போச்சு.

சரி, ஒரு ஜூன் இரவுக்கு வருகிறேன்.

2025 ஜூன் 13இல் இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு வார விடுமுறை இல்லை. 23ஆம் தேதி திங்கட்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபோது டிக்கரில் எவின் என்று ஓடியது. டெஹ்ரானின் வடக்கில் மலையடிவாரச் சிறைமீது இஸ்ரேல் விமானங்கள் குண்டு போட்டிருந்தன. அங்கே அப்போது நண்பகல். மனு கொடுத்துப் பார்க்க வந்த உறவினர்கள் உள்ளே இருந்த நேரம். சிறையில் 1,500 பேருக்கு மேல் கைதிகள்.

பயிற்சிக்கு வந்திருந்த பெண் செல்போனை நீட்டினாள். "சார், வீடியோ வந்திருக்கு." சிறையின் இரும்புக் கதவு வெடித்துப் பறக்கிறது. இஸ்ரேல் வெளியுறவு அமைச்சரே அதைப் பகிர்ந்து, விடுதலை வாழ்க என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் ஒரு வரியும் எழுதியிருந்தார். அமைச்சர் போட்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் அதிலிருந்து ஒரு படத்தை எடுத்தோம். மூன்று காலம் செய்தி. "எவின் சிறை வாசல் தகர்ப்பு" என்று படக்குறிப்பு எழுதியது நான்தான். ஒன்பதரைக்குத் தென்மாவட்டப் பதிப்பு அப்படியே போனது.

பத்து மணி வாக்கில் கத்தாரின் அல் உதைத் அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டது. பக்கம் முழுவதையும் கலைத்தோம். வரைபடம், டிரம்ப் பேச்சு, பெட்ரோல் விலை, கத்தாரில் இருக்கும் நம் ஆட்கள் நிலைமை என்று எல்லாம் உள்ளே வந்தன. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் ஆபீசுக்கே போன் செய்துகொண்டிருந்தன. நகரப் பதிப்பு போகும்போது எவின் ஒரு பத்தியின் கடைசி வாக்கியமாகச் சுருங்கியிருந்தது. விடியற்காலையில் டிரம்ப் போர் நிறுத்தம் என்றார்; மறுநாள் அந்த ஒரு வாக்கியத்துக்கும் இடம் இல்லை.

ஈரான் நீதித்துறை முதலில் 71 பேர் இறந்ததாகச் சொன்னது. பிறகு எண்ணிக்கை 80ஐத் தொட்டது. கைதிகள், அவர்களைப் பார்க்க வந்த உறவினர்கள், சிறை ஊழியர்கள், கட்டாய ராணுவச் சேவையில் இருந்த இளைஞர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள். சிறையில் வேலை பார்த்த ஒரு சமூகப் பணியாளரும் அவருடைய ஐந்து வயது மகனும் அதில் உண்டு. உயிர் பிழைத்தவர்களை அன்றிரவே விலங்கு மாட்டி, துப்பாக்கி முனையில் பஸ் ஏற்றினார்கள். ஆண்கள் ஃபஷாஃபூயே சிறைக்கு, பெண்கள் கர்ச்சக் சிறைக்கு. எவினை விட மோசமான இடங்கள். மேலே இருந்து அடித்தவர்கள் விடுதலை என்றார்கள். கீழே இருந்தவர்களுக்குக் கால்விலங்கு. அந்தத் தாக்குதல் போர்க்குற்றமாகத் தெரிகிறது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பின்னால் அறிக்கை விட்டது.

அக்டோபரில் இன்னொன்றும் வந்தது. அந்தக் கதவு வெடிக்கும் வீடியோ செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டது என்று கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆகக்கூடி எங்கள் கணக்கு இப்படி முடிந்தது: செய்தி போன பதிப்பில் படம் பொய், படம் இல்லாத பதிப்பில் செய்தி ஒரே ஒரு வாக்கியம்.

தென்மாவட்டப் பதிப்பைப் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "அவனே அடி வாங்கிட்டுக் கெடக்கான், நீங்க அவன் ஜெயில்ல யார் இருக்கான்னு எழுதுறீங்களே, இது நியாயமாய்யா?" என்றார். கோபம் நியாயமான இடத்திலிருந்துதான் வந்தது. காஸாவைப் பார்த்துக் கொதித்துப்போன மனிதர். டெஸ்க்கிலேயே இதே பேச்சு ஓடியது. ஒரு பக்கம், குண்டு விழும்போது சிறையைப் பற்றிப் பேசினால் குண்டு போடுபவனுக்கு வக்காலத்து என்றார்கள். இன்னொரு பக்கம், அந்த ஆட்சி ஒழிய வேண்டுமென்றால் நாலு குண்டு விழத்தான் செய்யும் என்றார்கள். இரண்டு பேரும் கைதியிடம் கேட்கவில்லை.

எவின் பெண்கள் பிரிவிலிருந்து நான்கு கைதிகள் அந்தப் போர் நாட்களில் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். தங்களைச் சிறை வைத்திருக்கும் ஆட்சியிலிருந்து விடுதலை மக்கள் போராட்டத்தால்தான் வரும், வெளிநாட்டுக் குண்டால் அல்ல என்பது சாரம். அதில் ஒருவர் மரண தண்டனைக் கைதி. திருநெல்வேலிக்காரரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதப் போடலாமேய்யா" என்றார். போட்டிருக்க வேண்டும்தான்.

போர் என்றால் ஈரானியச் சிறைவாசிகளின் குடும்பங்களுக்கு வேறு ஒரு நினைவு இருக்கிறது. 1988 ஜூலையில் ஈராக்குடனான எட்டு வருடப் போரை நிறுத்த ஈரான் ஒப்புக்கொண்டது. அதே மாதம் ஈரான் ஆட்சியை எதிர்த்த முஜாஹிதீன் என்ற ஆயுத அமைப்பு ஈராக்கிலிருந்து எல்லை தாண்டித் தாக்கியது. உடனே சிறைகளில் பார்வை நேரத்தை ரத்து செய்தார்கள். ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களைச் சின்னக் குழு ஒன்றின் முன் நிறுத்தி, நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டாயா என்பது போன்ற சில கேள்விகள் கேட்டு, ஆயிரக்கணக்கில் தூக்கிலிட்டார்கள். அப்போதைய உச்சத் தலைவர் கொமேனியின் வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த ஆயத்துல்லா முன்தஸரி எதிர்த்தார், பதவியை இழந்தார். அவர் அந்தக் குழுவிடம் பேசிய ஒலிப்பதிவு 2016இல்தான் வெளியே வந்தது. டெஹ்ரானின் தென்கிழக்கே கவரான் என்ற இடத்தில் பெயர்ப்பலகை இல்லாத புதைகுழிகளுக்கு அம்மாக்கள் பூ கொண்டுபோனார்கள். அதனால் 'போர் நிறுத்தம்' என்று நான் பெரிய எழுத்தில் தலைப்பு வைத்த 2025 ஜூன் 24 அவர்களுக்கு மூச்சுவிடும் நாளாக இருந்திருக்காது. போர் நாட்களில் 21,000 பேரைப் பிடித்ததாக ஈரான் காவல்துறையே ஆகஸ்டில் சொன்னது.

ஜூலை 27 அன்று பெஹ்ரூஸ் எஹ்சானி, மெஹ்தி ஹசனி இருவரைக் கெஸல் ஹெசாரில் தூக்கிலிட்டார்கள். முஜாஹிதீன் அமைப்போடு சேர்ந்து வேலை செய்தார்கள் என்று வழக்கு. இருவரும் செவ்வாய்க்கிழமை உண்ணாவிரதத்தில் இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அது, மறுபடியும்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய் மாலை, பயிற்சிக்கு வந்த அந்தப் பெண் ஒரு காப்பியோடு வந்தாள். அதற்குள் அவளே பக்கம் போடப் பழகியிருந்தாள். இன்னும் தூக்கு நிழலில் இருப்பவர்களைப் பற்றிய செய்தி. அதில் ஒருவர் மகாபாத்தைச் சேர்ந்த குர்துப் பெண் பக்‌ஷான் அஜீஸி. சிரியாவின் வடகிழக்கில் போரால் இடம்பெயர்ந்தவர்களிடையே வேலை செய்தவர். 2023இல் கைது, 2024 ஜூலையில் மரண தண்டனை.

"சார், அசீசியா, அஜீஸியா?"

பாய் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இருந்தாலும் பதில் தெரியும். "நம்ம ஊர்ல அப்துல் அஜீஸ்னு எப்படி எழுதுவாங்க? அதே ஜ."

பன்னிரண்டு வரி வந்தது. கீழே ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரம். ஒரு வரி இடிக்கிறது, 'சமூகப் பணியாளர்' என்பதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் பேஜ் மேக்கர். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே "அது இருக்கட்டும்ணா, தலைப்பு எழுத்துல ரெண்டு பாயின்ட் குறைச்சுக்கலாம்" என்றாள்.