அப்பாவின் கார் கொட்டில்

2025 ஜனவரி 12, ஞாயிறு. பண்டாரவளை, இலங்கை

அப்பா போய் எட்டு மாதம். இன்றுதான் கொட்டிலை முழுதாகத் திறந்தேன். நாலு கார்களும் தார்ப்பாய்க்குள் அப்படியே நிற்கின்றன. 1953 ஒஸ்டின் சோமர்செட், 1958 மொரிஸ் மைனர், 1961 வொக்ஸ்வேகன் பீட்டில், சீரிஸ் வன் லேண்ட் ரோவர். மைனரின் பின்சீட்டுக்குள் எலி குஞ்சு போட்டிருக்கிறது. லேண்ட் ரோவரில் பிரேக் மிதித்தால் பெடல் தரையைத் தொடுகிறது. ஓடாமல் நிற்கும் காருக்கு வருகிற வியாதி இது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும், டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகும். ஹட்டன் பக்கத்து மழையாக இருந்தால் தகடும் போயிருக்கும். எங்கள் ஊவா மாகாணத்தின் காய்ந்த காற்று இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்திருக்கிறது.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் இதில் நாட்டமில்லை, அவர்கள் வேலை கொழும்பில். எனக்கோ இந்த வருடத்தோடு பென்ஷன். நாலு காருக்கும் லைசன்ஸ், இன்சூரன்ஸ் கட்ட முடியாது. பொங்கலுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் விற்றுவிடலாமா என்று கேட்டேன். தலை நிமிராமலே, "வித்துரு. ஆனா ஓட்டுறவனுக்குக் குடு" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

வாகனப் பதிவுப் புத்தகங்களை எடுத்து அடுக்கினேன். சோமர்செட்டின் புத்தகத்தைப் பார்த்ததும் வேலை நின்றுவிட்டது.

அப்பா தேயிலைத் தோட்டத்து பெக்டரி லொறியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு பங்களா டிரைவர் ஆனவர். தோட்டத்தை நடத்திய தொரையின் சோமர்செட்டைப் பத்து வருடம் ஓட்டினார். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. அடுத்த வருடம் தொரை சீமைக்குக் கிளம்பும்போது காரை விற்க ஆள் தேடினார். அம்மாவின் சங்கிலியும் சீட்டுக் காசும் சேர்ந்து அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. புத்தகத்தில் அப்பாவின் பெயர் ஏறியது.

அப்போது அப்பாவுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது. 1948 சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல், யார் இந்தியப் பிரஜை, யார் இலங்கைப் பிரஜை என்று பங்கு பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது; மனுப் போட்டுக் காத்திருந்தவர்களில் அப்பாவும் ஒருவர். இலங்கைப் பிரஜை என்ற பத்திரம் 1989 இல்தான் கைக்கு வந்தது. அதற்குப் பதின்மூன்று வருடம் முன்னாலேயே அரசாங்கத்தின் முத்திரையோடு அவர் பெயர் ஏறிய கடதாசி இந்தக் கார் புத்தகம். அதை அவர் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அம்மா ஒரு தடவை சொன்னார்: "அந்தக் காரு வந்தா நாங்க கொழுந்துக் கூடையோட ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி நிப்போம். ஒங்கப்பா ஓட்டிட்டுப் போனாலும் எறங்கித்தான் நிக்கணும்."

பெப்ரவரி 2, ஞாயிறு

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி நேற்று முதல் தனியாருக்கும் திறந்துவிட்டது. விளம்பரம் போட்டு இரண்டு வாரத்தில் ஒன்பது போன் வந்தது, இன்று ஒன்றுகூட இல்லை. மைனருக்கு 2021 இல் ஒருவர் வீடு தேடி வந்து 16 லட்சம் சொன்னார், அப்பா மறுத்தார். இப்போது கேட்பவர்கள் 9 லட்சத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

இறக்குமதி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பத்து வயதில் வாய் பிளந்து பார்த்த காரைத்தான் மனிதர் ஐம்பது வயதில் தேடி வாங்குகிறார்கள். சோமர்செட்டை அப்படிப் பார்த்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்றைக்கு நாற்பது, ஐம்பதில் இருப்பவர்கள் பழைய கொரோலாவையும் பொக்ஸ் லான்சரையும் தேடுகிறார்கள். அதுவும் பிரியம்தான். எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை.

2022 ஞாபகம் வருகிறது. பெட்ரோல் தட்டுப்பாடு, கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீட்டர். அப்பா நாலு காருக்கும் தனித்தனியாக வரிசையில் நின்றார். பிறகு குழாய் வைத்து உறிஞ்சி, தோட்டத்து லய வீடுகளின் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் த்ரீவீலுக்கு ஊற்றினார். அவர் வாயில் நாள் முழுக்கப் பெட்ரோல் வாடை.

பெப்ரவரி 15, சனி

பீட்டில் போய்விட்டது. கண்டியிலிருந்து புதுசாகக் கல்யாணம் முடித்த ஒரு சோடி வந்தார்கள். காற்றில் குளிரும் எஞ்சின், ரேடியேட்டரே கிடையாது, மலையேற்றத்தில் தண்ணீர் கொதிக்கும் பயமில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் பின்பக்க மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது.

மார்ச் 8, சனி

எல்லவில் ஹோட்டல் நடத்துபவர் லேண்ட் ரோவரை எடுத்துக்கொண்டார். உடல் அலுமினியம், சேசிஸ் இரும்பு, ஆகவே அடியில் குனிந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள் என்றேன். பார்த்தார், குறைத்தார், கொடுத்தேன்.

மைனரை வாங்கியவர் கொழும்பில் ஓய்வுபெற்ற என்ஜினியர் மாத்தயா (சிங்களத்தில் ஐயா). நல்ல தமிழ் பேசினார். அவர் வரும் நாளென்று எங்கள் மெக்கானிக் பாஸை வரச்சொல்லியிருந்தேன். எழுபது வயது, நாற்பது வருடம் அப்பாவோடு இந்தக் கார்களில் கிடந்தவர். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டக் டக் என்று அடித்து ஓய்ந்தது, எஞ்சின் இரண்டாவது தடவையில் பிடித்தது. பாஸ் பொனட்டைத் திறந்து கார்பரேட்டரின் அடியில் இருக்கும் ஜெட் நட்டைத் தொட்டுக் காட்டினார்.

"மாத்தயா, இது மலைக்கு வச்சது. மேல காத்து மெலிசு, அதுனால பெட்ரோலக் கொறச்சு வச்சிருக்கேன். நீங்க பெலிஹுல்ஓயா தாண்டிக் கீழ எறங்குனதும் இத ஒரு மொகம், ரெண்டு மொகம் எறக்கி விடுங்க. இல்லாட்டி சூடேறும்."

பிறகு முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் மூட்டைக் காட்டினார். கிரீஸ் இல்லாமல் அதன் புரி தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து விழுந்துவிடும். மாத்தயா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஜன்னல் ஓரத்திலிருந்து வெளியே நீளும் கைகாட்டியைப் போட்டுப் பார்த்துச் சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். 10 லட்சம். இன்னும் குறைத்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பாஸ் தன் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்காமலே வெகுநேரம் வாசலில் நின்றார். அவருக்குப் பிறகு இந்த நட்டைத் திருப்பத் தெரிந்த ஆள் இந்த டவுனில் இல்லை. கார் வாங்க ஆள் குறைவதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

மார்ச் 29, சனி

சோமர்செட்டுக்கு ஒருவர் வந்தார். காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய இங்கிலிஷ் எழுத்து நம்பர், அதுதான் வேண்டுமாம்.

"புத்தகத்தையும் நம்பரையும் மட்டும் தாங்க சேர். கார் பொடியை நீங்களே பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

சொன்ன தொகை நல்ல தொகை. அதில் கொட்டிலுக்குப் புதுத் தகரம் போட்டு, அம்மாவின் கண் ஒபரேஷனையும் முடித்துவிடலாம். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். வேறு காருக்கு அந்தப் புத்தகத்தை மாட்டுவது களவு என்பது ஒரு காரணம். மற்றதை அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னதும், "கண்ணு இப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மைனர் காசில் ஒபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

புது வருட லீவு. நுவரெலியாவில் சீசன், ரோட்டெல்லாம் வேன். பாஸ் காலையிலேயே வந்து சோமர்செட்டுக்குக் கிரீஸ் அடித்து, பிளக் கழுவி, ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார். விளம்பரம் இன்னும் இருக்கிறது, விலையும் அதேதான், போன்தான் இல்லை.

அம்மா பின்சீட்டில் ஏறினார். ஹப்புத்தளைப் பக்கம் போய், பழைய தோட்டத்து ரோட்டில் திருப்பினேன். ஸ்டியரிங் பக்கத்துக் கியர் கம்பியை இரண்டுக்கு இழுக்கும்போது அப்பா மாதிரியே தோளைச் சாய்க்கிறேன் என்று அம்மா சொன்னார். பெக்டரி வளைவில் "மெதுவாப் போ" என்றார். மேல் மலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரமாகவே நடந்தார்கள், யாரும் கானுக்குள் இறங்கவில்லை. போனில் பேசிக்கொண்டு வந்த ஒரு பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அங்கிள், லயத்துப் பக்கந்தான் போறீங்களா? ஏறிக்கவா?"

அம்மா நகர்ந்து இடம் விட்டார்.