தேக், தேக்

ஹோலிக்கு மறுநாள் காலை பஞ்சாபின் ஆனந்த்பூர் சாஹிப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் நான்கு பேர். கீரத்பூரைத் தாண்டியதுமே சாலை டிராக்டர்களால் நிரம்பிவிட்டது. டிரெய்லரில் மூங்கில் கட்டி மேல்தட்டு போட்டிருக்கிறார்கள். கீழே பாட்டிமார்கள், மேலே இளவட்டங்கள். வழியெல்லாம் வண்டியை மறித்து மறித்து லங்கர், அதாவது சீக்கியர்களின் இலவசப் பந்தி. டீ குடிக்காமல் நகர விடமாட்டேன் என்கிறார்கள். மூன்றாவது டம்ளரோடு நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

ஹோலா மொஹல்லா என்பது இந்த ஊரின் திருவிழா. ஊரெல்லாம் வண்ணப்பொடி தூவி முடித்த பிறகு, சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங் தன் சீக்கியர்களுக்குக் குதிரையும் வாளும் கொடுத்துப் போர்ப் பயிற்சி நடத்திய நாள் இது. பஞ்சாபில் அந்தப் பழைய வித்தை இன்னும் உயிரோடு இருக்கிறதா, இருந்தால் எதற்காக என்று நேரில் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

முதலில் தரிசனம். தக்த் ஸ்ரீ கேஷ்கர் சாஹிப் என்ற குருத்வாரா குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கி, தலையில் துணி கட்டி, வரிசையில் ஏறினோம். 1699 பைசாகி அறுவடைத் திருநாளில் குரு உருவிய வாளோடு நின்று "ஒரு தலை வேண்டும்" என்று கேட்டதும், ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்து வந்ததும் இங்கேதான். கல்சா, அதாவது தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகம், பிறந்த இடம்.

உள்ளே குருவின் ஆயுதங்களை வைத்திருக்கிறார்கள். முருகனின் வேலைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு ஆயுதத்தின் முன் தலை குனிவது புதிதில்லை. ஆனாலும் இவை ஒரு மனிதர் கையில் பிடித்துப் போரிட்டவை என்று நினைத்ததும் உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது. நாகணி என்ற ஈட்டி அங்கே இருக்கிறது. இந்த ஊரின் லோஹ்கர் கோட்டைக் கதவை முட்ட எதிரிகள் மது கொடுத்து அனுப்பிய யானையை குருவின் வீரர் பச்சித்தர் சிங் எதிர்கொண்டது அதை வைத்துத்தான். ஒரு துப்பாக்கியும் உண்டு. அதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. பிறகு அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கண் நின்றது கண்டா என்ற இருபுறக் கூர்வாளில். இரும்புக் கிண்ணத்துத் தண்ணீரில் பதாசா என்ற சர்க்கரை மிட்டாய் போட்டு, அதைக் கண்டாவால் கலக்கித்தான் தீட்சைக்கான முதல் அமிர்தம் தயாரானது. அத்தனை பெரிய வாளுக்கு முதல் வேலை சர்க்கரை கரைப்பது!

மதியம் சரண் கங்கா மைதானம். நீல அங்கி போட்ட நிஹாங்குகள், அதாவது சீக்கியப் போர்வீரப் பிரிவினர், தலைப்பாகையில் இரும்புச் சக்கரங்கள், ஓடும் இரண்டு குதிரைகளின் முதுகில் குதிரைக்கொரு காலாக நின்றபடி போகிறார்கள். புழுதியில் எங்கள் வெள்ளைச் சட்டைகளெல்லாம் காவியாகிவிட்டன. இன்னொரு பக்கம் ஒரு கும்பல் நெஞ்சில் டியூப்லைட் உடைத்துக்கொண்டிருந்தது. கைதட்டல் அங்கேதான் அதிகம். எனக்கு அது ஒட்டவில்லை. வித்தைக்கும் வித்தை காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஓரமாகக் கூட்டமே இல்லாத இடத்தில் ஒரு பெரியவர் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு கட்கா என்ற சீக்கியச் சிலம்பம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் சோட்டி என்ற கம்பு, இடது கையில் ஃபரி என்ற சின்ன வட்டக் கேடயம். தொடங்குமுன் தரையில் கிடத்திய ஆயுதங்களுக்கு வணக்கம். அப்புறம் நகாரா முரசின் அடிக்கு பைந்த்ரா, அதாவது காலடி. பதினான்கு வயது இருக்கும் ஒரு பெண், தன்னைவிட ஒரு சாண் உயரமான பையனோடு ஆடினாள். அவள் கம்பு அவன் காதோரம் வந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றது. மறுபடி, அதே இடம், அதே ஒரு விரற்கடை.

இடைவேளையில் பெரியவரிடம் கேட்டேன், "துப்பாக்கி வந்துவிட்டதே உஸ்தாத் ஜி, இனிமேல் இது எதற்கு?"

சிரித்தார். "துப்பாக்கி நேற்றா வந்தது பேட்டா? குரு மகராஜிடமே பந்தூக் இருந்ததே. மேலே பார்க்கவில்லையா?"

பார்த்தும் பார்க்காமல் வந்தவன் என்ன சொல்வது. துப்பாக்கி இருந்த காலத்தில்தான் குரு வாளும் கம்பும் பழக்கினார். அப்படியென்றால் என் கேள்வியே பிசகு. "அடிப்பதற்கு மூன்று மாதம் போதும். நிறுத்துவதற்குத்தான் வருஷங்கள் ஆகிறது" என்றார்.

குரு 1705-இல் ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. மற்ற வழியெல்லாம் தீர்ந்துபோன பிறகே வாளில் கை வைப்பது நியாயம் என்கிறது அது. எல்லா வழியும் தீரும் வரை கையைக் கட்டுப்படுத்தி வைத்திருக்க ஒரு பழக்கம் வேண்டுமே. அந்த ஒரு விரற்கடை அதுதான் என்று பட்டது. இதே ஊரில் நடந்த சண்டையில் பாய் கன்னையா என்ற சீக்கியர் காயம்பட்ட எதிரி வீரர்களுக்கும் தண்ணீர் கொடுத்தார். புகார் போனது. குரு கூப்பிட்டு விசாரித்து, கையில் மருந்தையும் கொடுத்து, காயத்துக்கும் போடு என்று அனுப்பினார்.

1849-இல் பஞ்சாபைப் பிடித்த ஆங்கிலேயர்கள் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். கம்பு தப்பித்தது. இப்போது அதற்குப் புள்ளிகளும் பதக்கங்களும் உண்டு; 2022-இல் பஞ்ச்குலாவில் நடந்த கேலோ இந்தியா என்ற தேசிய இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் கட்காவும் இருந்தது. பிள்ளைகள் வருகிறார்களே என்று உஸ்தாதுக்குச் சந்தோஷம்தான். "ஆனால் பதக்கத்துக்கு வருகிறவன் கம்பைக் கும்பிட மறந்துவிடுகிறான்" என்று ஒரு குறையும் வைத்தார்.

சாயங்காலம் நிஹாங் முகாமில் சாப்பாடு. இவர்கள் பேச்சே தனி. ஒற்றை ஆளை சவா லாக் என்பார்கள், ஒன்றேகால் லட்சம். அந்தக் கணக்கில் நாங்கள் ஐந்து லட்சம் பேர் பந்தியில் உட்கார்ந்தோம். கொண்டைக்கடலை அவர்களுக்கு பாதாம். வெங்காயம் ரூபா, அதாவது வெள்ளி. காட்டில் பட்டினி கிடந்த நாட்களில் பிறந்த பாஷை.

அர்தாஸ் என்ற பிரார்த்தனையில் "தேக் தேக் ஃபதே" என்று வந்தது. ஃபதே என்றால் வெற்றி. முதல் தேக் சமையல் அண்டா, அடுத்த தேக் வாள். பஞ்சாபியில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் எது அண்டா, எது வாள் என்று தெரியாது.

பரிமாற வந்தவள் மைதானத்தில் பார்த்த அதே பெண். கையில் தட்டோடு, உட்கார்ந்திருப்பவர்களின் முட்டிகளுக்கு நடுவே, யாரையும் தொடாமல், பைந்த்ரா போலவே அடி வைத்து வந்தாள். என் முன்னால் நின்று, "ரூபா?" என்றாள்.

இரண்டு துண்டு வாங்கிக்கொண்டேன். நல்ல காரம்.