கண்ணாடி வெட்டப் பழகின கதை

அம்மம்மாவின்ர வீட்டு முன்கதவுக்கு மேல கலர் கண்ணாடி இருந்தது, பழைய யாழ்ப்பாணத்து வீடுகளில கண்டிருப்பியள், மரச்சட்டத்துக்குள்ள சிவப்பு பச்சை மஞ்சள் எண்டு. 95இல இடம்பெயர்ந்து போட்டுத் திரும்பி வரேக்க ரெண்டே ரெண்டு துண்டுதான் மிச்சமாம், மற்ற ஓட்டையளுக்கு பிளைவூட் அடிச்சது இன்னும் அப்பிடியே கிடக்கு. அதில ஒரு கட்டத்துக்காவது நானே ஒரு பூ வேலை செய்து போடுவம் எண்டு போன வருசம் தொடங்கினதுதான் இந்த ஸ்ரெயின் கிளாஸ் விசர்.

ஐரோப்பாவில பழைய சேர்ச்சுகளில துண்டுகளை 'எச்' மாதிரி வெட்டுமுகம் உள்ள காரீயச் சட்டத்துக்குள்ள செருகித்தான் பொருத்துவினம். எனக்கு அது சரிவராது. நான் செய்யிறது ரிஃபனி முறை எண்டு சொல்லுறது, 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில அமெரிக்காவில லூயிஸ் ரிஃபனியின்ர ஆக்களால பேரெடுத்தது, ஒவ்வொரு துண்டின்ர விளிம்புக்கும் செப்புத்தாள் ஒட்டி பிறகு எல்லாத்தையும் சேத்து ஈயத்தால பத்தவைக்கிறது. சின்னச் சின்ன வளைவுக்கு இதுதான் லேசு.

வீடியோ பாக்கிற எல்லாரும் பத்தவைக்கிறதுதான் பெரிய வித்தை எண்டு நினைக்கினம், நானும் அப்பிடித்தான் நினைச்சன். சத்தியமாச் சொல்லுறன், வெட்டு சரியில்லாட்டி பிறகு என்ன செய்தாலும் காட்டிக்குடுக்கும். முதல் மாதம் முழுக்க ஜன்னல் கண்ணாடிக் கழிவுத் துண்டுகளைத்தான் உடைச்சுக்கொண்டு இருந்தன். படம் பிறேம் போடுற கடையில ஒரு அண்ணை சும்மா நிண்டு பாத்துப்போட்டு, "பிள்ளை, கட்டர் வெட்டாது, கீறும், உடைக்கிறது உங்கட கைதான்" எண்டார். கோடு ஒருக்காத்தான், ஒரு ஓரத்தில தொடங்கி மற்ற ஓரம் மட்டும் நிப்பாட்டாமப் போகவேணும், அதே கோட்டில ரெண்டாந்தரம் போனா கட்டர் நுனியில இருக்கிற சில்லும் கெடும் கண்ணாடியும் தன்ர எண்ணத்துக்கு ஓடும். சத்தத்தைக் கேக்கச் சொன்னார், சீலை கிழியிற மாதிரி ஒரு சீரான கிர்ர். கோட்டில வெள்ளைத் தூள் கிளம்பினா அமத்தம் கூட. கீறினவுடன உடைச்சுப்போட வேணும், ரீ குடிச்சிட்டு வந்து உடைப்பம் எண்டா வடிவா உடையாது. சில்லில ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டா போதும்.

உள்வளைவுதான் சனியன். ஒரே இழுவையில எடுக்கவே ஏலாது, பிறை பிறையா நாலைஞ்சு கீறல் போட்டு குறட்டால கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சு எடுக்கவேணும். இன்னொரு கூத்து, காசில்லாமக் கிடைச்சுது எண்டு ஒரு பழைய வான் வாகனத்தின்ர பக்க யன்னல் கண்ணாடியில கட்டரை வைச்சு அமத்தினன், மேசை முழுக்க கற்கண்டு. சூடாக்கித் திடீரெண்டு ஆறவைச்ச கண்ணாடி அது, வெட்டவே ஏலாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தபடியாத் தப்பினன்.

விளிம்பு தீட்ட வைரத்தூள் சில்லு வைச்ச கிறைண்டர் இருக்கு, விலையைப் பாத்திட்டு கத்தி தீட்டுற கல்லோட நிண்டிட்டன். தண்ணி போட்டுத்தான் தீட்டவேணும், அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போகக் கூடாது. 3 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு ஐஞ்சரை மில்லிமீற்றர் அகலச் செப்புத்தாள் காணும், ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட மடியும். கையில எண்ணெய்ப் பசை இருந்தா ஒட்டாது, நான் வடை திண்ட கையோட ஒட்டி முழுக்க உரிஞ்சுபோச்சு.

பத்தவைக்கிறதுக்கு முதலில றேடியோ திருத்துற 40 வாட் அயனை இரவல் வாங்கினன், செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு போக ஈயம் கட்டி கட்டியா நிண்டுது. 80, 100 வாட் வேணும். றேடியோக்காரற்ற ஈயக்கம்பியும் வேண்டாம், உள்ள குங்கிலியம் மாதிரிப் பிசின் இருக்கும், எல்லா இடமும் கறுத்துப் பிசுபிசுக்கும். 60 பங்கு வெள்ளீயம் 40 பங்கு காரீயம் கலந்த வெறுங்கம்பி எடுங்கோ, 190 பாகையளவில தண்ணியா ஓடும். தட்டார் வேலை செய்யிற சொந்தக்காரர் ஒருத்தர் பிளக்ஸுக்கு, அதுதான் ஈயம் செம்பில பிடிக்கப் பூசுற மருந்துக்கு, வெண்காரம் தந்து விட்டவர், பாவம், அது பொன் வேலைச் சூட்டுக்கு உருகிறது, இந்தச் சூட்டில சும்மா வெள்ளைத் தூளாக் கிடக்கும். உதவினது தகரவேலைக்காரற்ற நவச்சாரம்தான், அயன் நுனி கறுத்தா அதில ஒருக்கா உரசி ஈயம் தொட்டா பளிச்செண்டு வந்திடும். ஒரே இடத்தில அயனை வைச்சுக்கொண்டு நிண்டா கண்ணாடி வெடிக்கும், என்ர மஞ்சள் இதழ் ஒண்டு அப்பிடித்தான் போச்சு.

காரீயம் எண்டபடியா யன்னல் திறந்து, ஃபானை முகத்துக்கு நேர வைக்காமப் பக்கத்தில வைச்சு, முடிய சோப் போட்டுக் கை கழுவித்தான் சாப்பாடு. அம்மம்மா குசினி மேசையில வேலை செய்யவே விடேல்லை, அவ சொன்னது சரிதான். செய்து முடிஞ்ச துண்டையும் அண்டைக்கே கழுவிப்போடுங்கோ, பிளக்ஸ் மிச்சம் இருந்தா ரெண்டு நாளில வெள்ளைப் பூ பூத்திடும்.

இப்ப கட்டத்தில பூ நிக்குது, காலமை எட்டு மணிக்குச் சீமெந்து நிலத்தில சிவப்பு விழுது. இலைக்குத்தான் பிரச்சினை, கடையில வாங்கின பச்சை அந்தப் பழைய பச்சையோட சேரவே இல்லை, மேசையில வைக்க ஒண்டு போல இருந்தது, வெளிச்சத்துக்குப் பிடிக்க நீலம் அடிக்குது. ஆரும் பழைய வீடு இடிக்கேக்க பச்சைக் கண்ணாடி வந்தா எறிஞ்சு போடாதேங்கோ, உடைஞ்சதெண்டாலும் பரவாயில்லை, உள்ளங்கையளவு காணும்.