49 வாக்குகளும் 34 வாக்குகளும்

2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கு 69,590 வாக்குகளும் தி.மு.க.வின் அப்பாவுக்கு 69,541 வாக்குகளும் கிடைத்தன. வித்தியாசம் 49. பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டவை என்பதால் தள்ளுபடியான 203 தபால் வாக்குகளைப் பற்றி எழுந்த வழக்கு, 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மறு எண்ணிக்கை வரை போனது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அதே தொகுதியில் அப்பாவு வென்று பேரவைத் தலைவரும் ஆனார்.

எங்கள் பக்கத்தில் அந்த 49-ஐ நினைவுகூர்வோர் எல்லாரும் தபால் வாக்குகளைத்தான் பேசுகிறார்கள். அன்றைக்கு இவ்விருவரையும் விட்டுப் பிறருக்கு வாக்களித்தவர்கள் 49 பேரை விடப் பல மடங்கு இருந்தார்கள். உங்கள் வேட்பாளர் தேறாவிட்டால் இவ்விருவரில் யார் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் தீர்ப்பு அங்கேயே கிடைத்திருக்கும். நமது தேர்தல் முறை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதனால்தான் வாக்குச்சாவடிக்குப் புறப்படும் இளவட்டத்திடம் வீட்டுப் பெரியவர், "ஏல, செயிக்காதவனுக்குப் போட்டு ஓட்டப் பாழாக்காத" என்கிறார். அவர் சொல்வது அறியாமை அன்று. இந்த முறையின் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவரின் யோசனை அது.

அந்தக் கணக்கு தொகுதி தொகுதியாகச் சேரும்போது என்ன ஆகிறது என்பதைத் தமிழ்நாடு திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் பாதிக்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற அ.தி.மு.க. 39 இடங்களில் 37-ஐ எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. 2024-இல் சக்கரம் சுழன்று, தி.மு.க. கூட்டணி பாதியை எட்டாத வாக்குகளுடன் 39-ஐயும் வென்றது. 20 விழுக்காடு பெற்ற அ.தி.மு.க.வுக்கும் 11 விழுக்காடு பெற்ற பா.ஜ.க.வுக்கும் 8 விழுக்காடு பெற்ற நாம் தமிழர் கட்சிக்கும் பூஜ்யம். இதில் எந்தக் கட்சிக்காகவும் நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. அவரவர் முறை வரும்போது அவரவர் மகிழ்ந்தவர்களே.

வியப்பு என்னவென்றால், வேறொரு முறை நம் அரசியல்வாதிகளுக்கு நன்றாகவே தெரியும். மாநிலங்களவைக்கு உறுப்பினர்களை அனுப்பும்போது சட்டமன்ற உறுப்பினர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை குறித்து வாக்களிக்கிறார்கள்; முதல் விருப்பம் தேறாவிட்டால் வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால், 234 பேரில் 34 பேரின், அதாவது ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவர்களின், ஆதரவைத் திரட்டியவர் ஓர் இடத்தைப் பெறுகிறார். 2019-இல் மக்களவைக்குத் தமிழ்நாடு 38-க்கு 1 என்று ஆட்களை அனுப்பியது. அதே ஆண்டு மாநிலங்களவைக்கு, வாக்குப்பதிவுக்கே தேவையில்லாமல், தி.மு.க. அணிக்கு மூன்று, அ.தி.மு.க. அணிக்கு மூன்று என்று இடங்கள் பிரிந்தன. தங்களுக்குள் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்ள ஒரு முறையை வைத்துக்கொண்டவர்கள், நமக்கு மட்டும் ஒற்றைப் பொத்தானைத் தந்திருக்கிறார்கள்.

திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று ஊர்ச்சபையில் அமர்வதற்கான தகுதிகளைச் சொல்கிறது. எந்தத் தீர்மானம் வந்தாலும் மறுப்பதையே வழக்கமாகக் கொண்டவர்களுக்கு ஐந்து காசு தண்டமும் அதில் உண்டு. இன்று தண்டத்துக்கு வேலையே இல்லை. மறுப்பவர்களை மன்றத்துக்குள் வரவிடாமல் தேர்தல் முறையே பார்த்துக்கொள்கிறது. 2022-இல் நெல்லை மாநகராட்சியின் 55 வார்டுகளில் தி.மு.க. மட்டும் 44-ஐ வென்றது; எதிர்க்கட்சியான அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4.

இப்படி ஆதரவின் அளவுக்கேற்ப இடங்களைத் தரும் விகிதாசார முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை நான் மதிக்கிறேன். இராதாபுரம் கால்வாயில் தண்ணீர் வராதபோது விவசாயிகள் மனுவோடு போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கு அல்லாமல் கட்சிக்கு வாக்களிக்கும் பட்டியல் முறையில், கட்சியின் பட்டியலில் ஏழாம் இடத்தில் இருந்து தேர்வானவரைத் தேடி யார் போவது? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், மாவட்டப் பட்டியலோடு, அந்தப் பட்டியலில் உள்ள ஆட்களைத் தேர்ந்து குறிக்கும் விருப்பு வாக்கும் இருப்பதால் ஒரே கட்சிக்காரர்களே ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். இந்தச் சிக்கலை உணர்ந்துதான் 1999-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில், இருக்கும் தொகுதிகளைத் தொடாமல், மக்களவையில் 25 விழுக்காடு இடங்களைக் கூட்டி அவற்றைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்றது. அது கிடப்பில் கிடக்கிறது.

மக்களவைக்குக் காத்திருக்கும் நேரத்தில், உள்ளாட்சியில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். வார்டுகளை ஐந்தைந்தாகச் சேர்த்தால் நெல்லைக்கு 11 பெரிய வார்டுகள் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்து உறுப்பினர்களை விருப்ப வரிசைப்படி தேர்ந்தெடுத்தால், ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆதரவு உள்ள எவரும் உள்ளே வந்துவிடுவார். மனு கொடுக்க ஒருவருக்குப் பதில் ஐவர் இருப்பார்கள். வாக்காளர்களுக்கு இது குழப்பமாக இருக்கும் என்பார்கள். 2021 அக்டோபரில் நெல்லை, தென்காசி மாவட்டக் கிராமங்களில் ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு பதவிகளுக்கு நான்கு நிறச் சீட்டுகளை வாங்கி, எது யாருக்கு என்று பிரித்தறிந்து முத்திரை குத்தியவர்கள் இதே வாக்காளர்கள்தாம்.