லாராபிண்டா அருவி: மூன்றாவது தடவை

இந்தத் தடவை போய்ச் சேர்ந்துவிட்டோம். இரண்டு தடவை பாதியில் திரும்பியதால், எங்கே தப்பு செய்தோம் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

இடம், ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் லாமிங்டன் தேசியப் பூங்காவில் கிறிஸ்மஸ் கிரீக் ஓடை. பிரிஸ்பேனில் இருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். வெஸ்ட்ரே என்பவரின் கல்லறை வரை ஒரு தடம் மாதிரி இருக்கும். அதற்கு மேல் ஓடைதான் வழி.

முதல் தடவை ஏப்ரலில் போனோம். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கல்லறை தாண்டியதும் தண்ணீர் இடுப்பு வரை வந்தது, திரும்பிவிட்டோம். அதில் வருத்தமில்லை.

இரண்டாவது தடவை செய்ததுதான் அசட்டுத்தனம். ஓடையில் பாறை தாவுவதற்குச் சோம்பல்பட்டு, பக்கத்து மேட்டில் ஏறிச் சுற்றிப் போகலாம் என்று நினைத்தேன். மேடு முழுக்கப் பிரம்பு. ஆமாம், நாற்காலி பின்னும் பிரம்பின் இனம்தான். இங்கே அதற்கு 'கொஞ்சம் நில்லு' என்று அர்த்தம் வரும் ஒரு செல்லப் பெயர் உண்டு. கொக்கி முள் சட்டையில் மாட்டியதும் முன்னால் இழுக்காமல் ஓர் அடி பின்னால் வந்தால் தானாகக் கழன்றுவிடும். இது தெரிவதற்குள் ஒரு சட்டை போச்சு. இரண்டு மணி நேரத்தில் 600 மீட்டர். அப்புறம் இறங்கும்போது தப்பான சரிவில் இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஓடையில் ஏறும்போதுதான் கிளை பிரியும். இறங்கும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மலைமேட்டில் இது அப்படியே தலைகீழ்: ஏறும்போது எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உச்சிக்குப் போய்விடலாம், இறங்கும்போதுதான் வழி தவறும்.

அதற்காக, வழி தெரியாவிட்டால் தண்ணீரோடு இறங்கிவிடலாம் என்று நம்பவும் கூடாது. 1937 பிப்ரவரி 19 அன்று சிட்னிக்குக் கிளம்பிய ஸ்டின்சன் விமானம் இந்த மலையில் விழுந்தது. பிழைத்த மூன்று பேரில் வெஸ்ட்ரே உதவி தேடி இப்படித்தான் இறங்கினார். ஓர் அருவியில் விழுந்து அடிபட்டு, பாறையில் சாய்ந்தபடி இறந்து கிடந்தார். மற்ற இருவரையும் பத்து நாள் கழித்து உள்ளூர்க்காரர் பெர்னார்ட் ஓ'ரைலி தனியாளாகத் தேடிக் கண்டுபிடித்தார்.

சரி, மூன்றாவது தடவை. செப்டம்பர் கடைசி, ஓடையில் தண்ணீர் குறைவு. காலை ஆறரைக்கே நடக்க ஆரம்பித்தோம். எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்புவது என்று முடிவு. ஈரப் பாறையில் விலை உயர்ந்த பூட்ஸை விட டன்லப் வாலி கேன்வாஸ் ஷூதான் பிடிக்கிறது. தோட்ட வேலைக் கையுறையும் போட்டுக்கொண்டோம். ஜிபிஎஸ் பள்ளத்துக்குள் எங்களை ஓடையின் எதிர்க்கரையில் நிறுத்தியதால், ஒவ்வொரு கிளையிலும் திசைகாட்டியை வைத்துப் பார்த்துத்தான் ஏறினோம்.

வெயில் விழும் இடங்களில், தொட்டால் தேள் மாதிரிக் கொட்டும் மரம். இதய வடிவில் பெரிய இலை, பூச்சி அரித்த ஓட்டைகள். நம் காஞ்சொறி இதன் கால் தூசுக்கு ஆகாது. வலி வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருமாம். அதன் நுண்ணிய முடிகளைப் பிடுங்கவென்று மெழுகுப் பட்டை வைத்திருந்தோம், நல்லவேளை பையை விட்டு வெளியே வரவில்லை. அட்டைகள்தான் விடவில்லை, என் கணக்கு பதினொன்று.

பதினொன்று ஐம்பதுக்கு, பாறை மதிலில் இருந்து வெள்ளையாக அருவி. குளத்தில் கால் வைத்தேன், எலும்பு வரை குளிர். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு முடிக்கவும் பன்னிரண்டரை ஆகவும் சரியாக இருந்தது. நண்பர் "இன்னும் பத்து நிமிஷம்" என்றார். நான் பையை மாட்டிவிட்டேன்.

திரும்பும் வழியில் ஒரு பாறை மேல் நீல நிறத்தில் முள் கிரேஃபிஷ் (கொடுக்குள்ள பெரிய இறால் மாதிரி), உள்ளங்கையை விடப் பெரியது. இரண்டு கொடுக்கையும் தூக்கி எங்களைப் பார்த்துச் சீறியது. அது வழிவிடும் வரை நின்றோம். நண்பர் கேட்ட பத்து நிமிஷம் அங்கே போனது.